சாவுக்குச் சங்கம், இயலாமைக்குத் தலைவிதி

மலையகத் தோட்டங்களில் மரண உதவிச் சங்கத்தை அறியாதவர் இல்லை. மாதம் ஒரு சிறு சந்தா. வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கே கையில் காசு, பந்தலுக்குத் தகரம், உட்காரக் கதிரை, குழி வெட்ட ஆள். இதை யாரும் காப்புறுதி என்று சொல்வதில்லை. ஆனால் காப்புறுதியின் சாரம் முழுவதும் இதற்குள் இருக்கிறது. பலர் சிறுகச் சிறுகப் போடுகிறார்கள், யாருக்கு எப்போது என்று ஒருவருக்கும் தெரியாது, விழுந்த வீட்டுக்கு மொத்தமாகப் போகிறது. அதே லயத்து வரிசை வீடுகளில் ஒருவர் சாகாமல், மலையில் சறுக்கி இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டால் சங்கத்தின் யாப்பில் அவருக்கென்று ஒரு வரி இருப்பது அரிது. பக்கத்து வீட்டிலிருந்து சோறு வரும், கோயிலில் நேர்த்தி வைப்பார்கள், கொஞ்ச நாளில் 'அவன் தலையெழுத்து' என்ற பேச்சும் வரும். சாவுக்கு ஏற்பாடு செய்துவைத்த ஒரு சமூகம், உயிரோடு இருந்தும் உழைக்க முடியாமல் போவதை மட்டும் ஏன் விதியிடம் விட்டுவைத்தது? இதற்கு விடை காசில் மட்டும் இல்லை. வினையைப் பற்றியும் தானத்தைப் பற்றியும் நாம் வைத்திருக்கும் எண்ணங்களில் பாதி விடை கிடக்கிறது.

முதலில் ஆபத்தின் அளவைப் பார்ப்போம். வட்டவளை இலங்கையிலேயே அதிகம் மழை பெறும் இடங்களில் ஒன்று. ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கும் மேல். தென்மேல் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் சேறும் பாசியுமாகக் கிடக்கும் சரிவில் கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்க வேண்டும். குளவி கொட்டித் தொழிலாளர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும் செய்தி மலைநாட்டில் செய்தியாகவே படாத அளவுக்குப் பழகிவிட்டது. கவ்வாத்துக் கத்தி, நிறுவைக்குச் சுமக்கும் பாரம், வயது ஏறினால் முழங்கால், நீரிழிவு. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம் என்பது பெரிய பேறு. அதைக் குறைத்துச் சொல்வது நன்றிகெட்ட பேச்சு. ஆனால் அது மருந்துக்குத்தான் இலவசம். மலைக்குப் போகாத நாளுக்குப் பேர், அதாவது நாட்கூலி, கிடையாது. நோய் தீர நோயாளி, வைத்தியன், மருந்து, கூட இருந்து பார்ப்பவர் என்று நான்கும் வேண்டும் என்று திருக்குறளின் மருந்து அதிகாரம் கணக்குச் சொல்கிறது. இன்றைக்கு அந்த நான்கில் இரண்டை அரசு தருகிறது. மற்ற இரண்டு பேரும் நாட்சம்பளக்காரர்கள். புருஷன் டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிடந்தால் பக்கத்தில் இருக்கும் மனைவிக்கும் அன்று பேர் இல்லை. ஒரு காய்ச்சல் இரண்டு பேரை விழுங்குகிறது என்பதைக் கவனித்தால், தோட்டத்துக் குடும்பத்துக்குத் தேவைப்படும் சுகாதாரக் காப்புறுதி கொழும்புத் தனியார் ஆஸ்பத்திரிப் பில்லைக் கட்டும் காப்புறுதி அல்ல, நின்றுபோன வருமானத்தைத் தாங்கும் காப்புறுதி என்பது விளங்கும்.

இனி, விதி. வருவதை மனிதன் முன்கூட்டித் தடுக்கப் பார்ப்பது இறைவனை நம்பாமைதானே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை மூடத்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனால் அதற்குச் சைவத்துக்குள்ளேயே பதில் இருக்கிறது. சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது: சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், இந்த உடம்பில் அனுபவித்துத் தீர வேண்டிய பிராரத்தம், இப்போது புதிதாகச் செய்யும் ஆகாமியம். ஒருவர் கால் முறிந்தது அவருடைய பிராரத்தம் என்றே வைத்துக்கொள்வோம். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் இருபது லயத்துக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்பது அவரவர் ஆகாமியம். அது வேறு கணக்கு. விழுந்தவரின் பழைய கணக்கைக் காட்டி நிற்பவர் தன் புதுக் கணக்கைத் தப்பிக்க முடியாது. தேவாரம் பாடிய சுந்தரரின் வரலாறு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறியதால் அவர் இரு கண்ணும் இழந்தார். காரணம் அவருக்கே தெரியும், பிழை அவருடையதுதான். ஆனாலும் அவர் 'வினை' என்று வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. வழி நெடுகக் கேட்டார், முறையிட்டார், உரிமையோடு கடிந்தும் பாடினார். திருவெண்பாக்கத்தில் ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மறு கண். தன் பிழையால் வந்த இயலாமைக்கே உதவி கேட்கலாம், அதையும் கெஞ்சாமல் கேட்கலாம் என்று ஏற்றுக்கொண்ட மரபு இது. மழையில் சறுக்கி விழுந்தவரிடம் போய் முற்பிறவியைத் துருவும் பேச்சுக்கு இந்த மரபில் ஆதாரம் தேட முடியாது.

விதியை முழுமையாக நம்பியும் முன்கூட்டியே ஏற்பாடு செய்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய ஊர்ப் பெயர்களை மலையகம் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. வட்டவளை, ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களுக்கு வைத்த ஸ்ட்ரதன், லொனெக் என்ற பெயர்கள் ஸ்கொட்லாந்தின் அபர்டீன் சீமையிலிருந்து வந்தவை. அந்த நாட்டுத் திருச்சபை, யார் கரையேறுவார் என்பதைக் கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்று கற்பித்த கால்வினின் வழியில் வந்தது. அதே திருச்சபையின் போதகர்களான ரொபர்ட் வாலஸும் அலெக்சாண்டர் வெப்ஸ்டரும், கணிதப் பேராசிரியர் கொலின் மக்லோரினின் துணையோடு, போதகர்களின் விதவைகளுக்காக ஒரு நிதியைக் கணக்குப் போட்டு அமைத்தார்கள். அதற்கு 1744 இல் சட்டமும் வந்தது. இந்த ஆண்டு எந்தப் போதகர் சாவார் என்பது கடவுளுக்குத்தான் தெரியும். ஆனால் நூற்றுக்கணக்கானோரில் ஏறத்தாழ எத்தனை பேர் என்பதை மனிதன் எண்ணிப் பார்க்கலாம் என்பது அவர்கள் கண்ட நுட்பம். ஊழ் ஒருவரைப் பற்றிப் பேசுகிறது. காப்புறுதி எண்ணிக்கையைப் பற்றிப் பேசுகிறது. ஆகவே ஒன்று மற்றதை மறுக்க வேண்டிய தேவையே எழவில்லை. இஸ்லாத்தில் கேள்வி வேறு திசையில் போனது: வட்டியும் சூதும் ஐயப்பாடும் கலந்த ஒப்பந்தம் கூடாது என்பதுதான் அங்கே தடை, முன்னேற்பாடு கூடாது என்பது அல்ல. அதனால்தான் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் தக்காஃபுல் முறை உருவாகி இலங்கையிலும் நடக்கிறது.

அப்படியானால் சாவுக்கு இசைந்த மனம் இயலாமைக்கு ஏன் இசையவில்லை? சாவில் தகராறு இல்லை. பிணத்தைப் பார்த்து யாரும் பாசாங்கு என்று சொல்லமாட்டார்கள். அது ஒரு நாளில் முடிகிறது, செலவுக்கும் ஓர் எல்லை உண்டு. முதுகுவலி அப்படி அல்ல. வெளியே தெரியாது, மாதக்கணக்கில் நீளும், ஒருநாள் எழுந்து கடைக்குப் போனால் 'இதோ நடக்கிறானே' என்பார்கள். இந்தச் சந்தேகம் வெறும் பொல்லாத குணம் அல்ல. எல்லா ஊர்க் காப்புறுதியும் இதோடு போராடித்தான் வந்திருக்கிறது. ஆனால் இதற்குக் கீழே இன்னொன்று இருக்கிறது, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இயலாதவருக்குக் கொடுப்பதை நாம் தானம் என்ற பெயரில் வைத்திருக்கிறோம். திருவிழா நாளில் கோயில் வாசலில் அவருக்குக் கிடைக்கும் சில்லறையில் கொடுப்பவருக்குப் புண்ணியம், வாங்குபவருக்குக் குனிந்த தலை. காப்புறுதி இந்தப் புண்ணியத்தை ஒழித்துவிடுகிறது. கொடுத்தது யார் என்று தெரியாது, வாங்குபவர் யாருக்கும் கடன்பட்டவர் அல்ல. அவரும் சந்தா கட்டியவர்தான். தருமத்தைக் கணக்குப் புத்தகமாக்குவது வறண்ட காரியம் என்று சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கோ அந்த வறட்சியில்தான் அதன் மேன்மை தெரிகிறது. 'நோய் வராவிட்டால் கட்டின காசு வீண்தானே' என்பவருக்கும் இதிலேயே விடை இருக்கிறது: அந்தக் காசு பக்கத்து மலையில் விழுந்த ஒரு பெண்ணின் வீட்டில் அடுப்பெரிக்கப் போனது. பலனைத் தனக்கென்று எதிர்பாராமல் செய்யும் செயலை இவ்வளவு உயர்த்திப் பேசும் மரபில் வந்தவர்கள், தவணைப் பணம் திரும்பி வரவில்லை என்று வருந்துவது வேடிக்கைதான்.

ஈ.பி.எப். இருக்கிறதே, சேர்விஸ் காசு என்ற பணிக்கொடை இருக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. 1958 இன் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி இன்று தொழிலாளியிடமிருந்து 8 வீதமும் தோட்டத்திடமிருந்து 12 வீதமும் சேர்கின்றன. நிரந்தரமாக உழைக்க முடியாமல் போனால் வயது வரும் முன்னரே எடுக்கலாம். ஆனால் அது சேமிப்பு. சேமிப்பின் தன்மையே நாள் செல்லச் செல்ல வளர்வது; இயலாமையோ முன்னதாக வரவர அதிகம் பறிக்கிறது. 2024 இன் வர்த்தமானி நாட்சம்பளமான 1350 ரூபாய்க்கு மாதம் 20 பேர் என்று எளிமையாக வைத்துக்கொண்டால் சம்பளம் 27,000, நிதிக்குப் போவது 5,400. ஐந்து வருடத்தில், வட்டியை விட்டால், 324,000 ரூபாய்: அதாவது பன்னிரண்டு மாதச் சம்பளம். முப்பது வருடம் உழைத்தவருக்கு அதே கணக்கில் எழுபத்திரண்டு மாதம். இருபத்தைந்து வயதில் கை போனவர் முன்னால் முப்பது வருடம் கிடக்கிறது, கையில் ஒரு வருடச் சம்பளம். ஐம்பத்து நான்கில் விழுந்தவருக்கு முன்னால் கிடப்பது சொற்பம், கையிலிருப்பதோ ஆறு வருடச் சம்பளம். தேவையும் பணமும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. 1983 இன் பணிக்கொடைச் சட்டமும் இப்படித்தான்: நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்குப் பதினான்கு நாள் கூலி, அதுவும் ஐந்து வருடம் நிறைந்த பிறகு. 1934 இன் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையோடு தொடர்புள்ள பாதிப்புக்குத்தான் பொறுப்பேற்கும். நீரிழிவில் கால் எடுத்தவர் அதற்கு வெளியே நிற்கிறார். உண்மையில் காப்புறுதிக்கு நெருங்கியது, முதலாளி 3 வீதம் கட்டும் ஊழியர் நம்பிக்கை நிதி. 1980 இன் சட்டத்தில் வந்த அந்த நிதியில் நிரந்தர இயலாமைக்கும் இருதய சத்திரசிகிச்சைக்கும் கண்வில்லைக்கும் உதவி உண்டு. தம் சம்பளத்திலிருந்து எதுவும் கழிக்கப்படாததால் அதைப் பலர் மறந்தே போகிறார்கள். காப்புறுதி முகவரிடம் புதிதாக எதையும் வாங்குமுன் இந்த உரிமையைக் கேட்டறிய வேண்டும்.

மிகக் கனமான மறுப்பு இன்னும் மிச்சம். உடம்பைத் தேய்ப்பது தோட்டம். அந்தத் தேய்மானத்துக்குத் தொழிலாளி ஏன் சந்தா கட்ட வேண்டும்? சுகவீனமுற்ற தொழிலாளரைக் கவனிக்கும் பொறுப்பை 1912 இன் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமே தோட்டத்தின் தலையில் வைத்தது. இப்போது 'உங்களை நீங்களே காப்புறுதி செய்துகொள்ளுங்கள்' என்பது கம்பனியையும் அரசையும் கைகழுவவிடுவது ஆகாதா? கேள்வி நியாயமானது, வேலையில் நேரும் காயத்துக்கு முழுச் செலவும் முதலாளியுடையது என்பதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1884 இல் கொண்டுவந்த விபத்துக் காப்புறுதியில் பணம் கட்டியவர்கள் முதலாளிகள். ஆனால் அதற்கு முந்திய வருடத்து நோய்க் காப்புறுதியில் தொழிலாளர் மூன்றில் இரண்டு பங்கு கட்டினார்கள். அதனாலேயே நிதிகளின் நிர்வாகத்தில் மூன்றில் இரண்டு இடங்களும் அவர்களுக்குக் கிடைத்தன. பிஸ்மார்க் ஒடுக்க நினைத்த சமூக ஜனநாயகவாதிகள் நிர்வாகம் பழகியதும் அங்கேதான். கட்டியவருக்குக் கணக்குக் கேட்கும் வாய் உண்டு. தோட்டத் துரையின் தயவில் கிடைத்ததற்கு அந்த வாய் இருந்ததில்லை. மேலும் இன்று வட்டவளை லயத்துப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் கொழும்புக் கடைகளிலும் வீடுகளிலும் கட்டட வேலையிலும் இருக்கிறார்கள், சிலர் ஆட்டோ ஓட்டுகிறார்கள். செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வேலைப் பதிவேட்டில், பேர் இல்லாதவர்களுக்குத் தோட்டத்தின் கடமையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பது பயன் தராது.

அதற்காகத் தனியார் காப்புறுதிப் பத்திரத்தில் கைநாட்டு வைத்துவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. சேமிப்பும் பாதுகாப்பும் கலந்து விற்கப்படும் திட்டங்களில் பெரும்பகுதி சேமிப்புக்கும் முகவரின் தரகுக்கும் போய், இயலாமைக்கான பங்கு மெலிந்துவிடுகிறது. இரண்டு தவணை தவறினால் அதுவும் போகலாம். அதைவிடப் பெரிய சங்கதி, 'முழு நிரந்தர இயலாமை' என்பதற்குப் பத்திரம் சொல்லும் விளக்கம். இரண்டு கண், இரண்டு கை, இரண்டு கால் என்று எண்ணுகிறவை இருக்கின்றன. எந்த வேலையும் செய்ய முடியாமல் போனால்தான் பணம் என்கிறவை இருக்கின்றன. வலது கையின் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் மரத்துப்போன பெண்ணுக்கு இந்த விளக்கத்தின்படி ஒரு குறையும் இல்லை. அவரால் வாசலில் காவலுக்கு உட்கார முடியும், அப்படி ஒரு வேலையை யாரும் அவருக்குத் தரமாட்டார்கள் என்பது வேறு. ஒரு மனிதரின் இயலாமையை உடம்பை வைத்து அளப்பதா, அவர் செய்துவந்த தொழிலை வைத்து அளப்பதா என்பது தத்துவக் கேள்விதான். அதற்கு எழுதப்படும் ஒற்றை வரி விடையில் ஒரு குடும்பத்தின் சோறு தங்கியிருக்கிறது.

இந்த வரியை எழுதத் தகுந்த இடம் ஏற்கெனவே இருக்கும் சங்கம் என்றே நினைக்கிறேன். ஆஸ்பத்திரித் துண்டைக் காட்டினால் ஏழாம் நாளிலிருந்து மூன்று மாதம் வரை பாதிப் பேர்க் காசு, கூட இருந்து பார்ப்பவருக்கும் சில நாள் என்று மரண உதவிச் சங்கம் தன் யாப்பில் ஒரு பிரிவைச் சேர்க்கலாம். பாசாங்கு எது, வலி எது என்பதைக் கொழும்பிலிருக்கும் அலுவலரைவிடப் பக்கத்து நிரையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் நன்றாக அறிவார்கள். முடிவெடுக்கும் குழுவில் அவர்களே பெரும்பான்மையாக இருக்க வேண்டும். இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு தோட்டத்தின் நிதி, ஒரு மண்சரிவில் எல்லா வீடும் ஒன்றாகப் பாதிக்கப்பட்டால் தாங்காது. 2022 பொருளாதார நெருக்கடி போல எல்லோர் கையும் ஒரே நேரத்தில் காய்ந்தாலும் தாங்காது. வாழ்நாள் முழுக்க நீளும் இயலாமையை மூன்று மாத உதவி தீர்க்கவும் தீர்க்காது. அதற்கு நம்பிக்கை நிதியைப் போன்ற நாடளாவிய நிதிதான் வேண்டும். அங்கே தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டியது தொகையை உயர்த்தும்படி மட்டும் அல்ல. கொழுந்து பறிப்பவருக்கு விரல் போனால் அது முழு இயலாமை என்று அந்த விதிகளில் எழுதும்படியும்தான்.