யந்திரம் சேர்த்த விளம்பரத்துக்கு யார் பொறுப்பு?



நம் சங்கத்தில் கடை வைத்திருப்போர் பலர். அவர்களில் அநேகர் இன்று கைப்பேசி வழியாக விளம்பரம் செய்கிறார்கள். ஆகவே எனக்கு நேர்ந்த ஒரு சங்கடத்தை இங்கே எழுதத் துணிந்தேன். மதரஸாவோடும் ஆரம்பப் பள்ளியோடும் படிப்பை நிறுத்தியவன் நான். பிழையிருப்பின் பொறுத்தருள வேண்டும்.

2025ஆம் ஆண்டு நோன்புக்குச் சில வாரம் முன்பு, செடெனாக்கிலுள்ள என் கடைக்குப் பேரீச்சம்பழம் தருவித்தேன். இரண்டு தினுசு. சாதாரணப் பழம் அரைக்கிலோ 12 வெள்ளி. அஜ்வா அரைக்கிலோ 45 வெள்ளி. என் தங்கை மகன் கூகுளில் விளம்பரம் போட்டுத் தருவதாகச் சொன்னான்.

முன்னெல்லாம் நாம் எழுதிக் கொடுத்ததை அச்சாபீஸார் அப்படியே அச்சிடுவார்கள். இது அப்படியன்று. நாம் கொடுப்பது உதிரிச் சரக்கு மாத்திரமே: படங்கள் 15 வரை, 30 எழுத்துக்குள் அடங்கும் சிறு தலைப்பு 5 வரை, 90 எழுத்துக்குள் ஒரு நீண்ட தலைப்பு, அதே அளவில் விவரம் 5 வரை, கடையின் பெயர், முத்திரை. எந்தப் படத்தோடு எந்தத் தலைப்பைச் சேர்ப்பது என்பதை யந்திரமே, பார்ப்பவரின் திரைக்கும் இடத்துக்கும் தக்கபடி தீர்மானிக்கிறது. எந்தச் சேர்க்கையைக் கண்டு ஜனங்கள் அதிகம் விரல் வைக்கிறார்களோ, அதையே மேலும் மேலும் காட்டுகிறது. கூகுளின் பட விளம்பரங்களில் 2018 முதல் இதுவே வழக்கமான முறையாகிவிட்டது. தமிழ் விளம்பரங்களை அந்தக் கம்பெனி ஏற்கத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

மருமகன் எழுதிய தலைப்புகளில் ஒன்று, "12 வெள்ளி முதல்". மற்றொன்று, "மதீனத்து அஜ்வா வந்துவிட்டது". இரண்டும் உண்மை. ஆனால் யந்திரம் முதல் தலைப்பை அஜ்வாவின் படத்தோடு சேர்த்துவிட்டது. நான் அதைப் பார்க்கவில்லை. கடையில் கூட்டம் கூடியது, மகிழ்ந்துபோனேன்.

மூன்றாம் நாள் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா வந்து கைப்பேசியை நீட்டி, "பாய், இதுல மூணு பெட்டி கொடுங்க. நோன்புக்குப் பக்கத்து வீட்டு மலாய்க்காரங்களுக்குக் கொடுக்கணும்" என்றார். கையில் 36 வெள்ளி எண்ணி வைத்திருந்தார். "அது யந்திரம் மாற்றிச் சேர்த்ததம்மா, இதன் விலை 45" என்றேன். "ஒங்க கடைப் பேருதானே போட்டிருக்கு?" என்றார். அவ்வளவுதான்.

ஒரு பெட்டியை 12 வெள்ளிக்குக் கொடுத்தேன். மூன்றையும் கொடுக்க மனம் வரவில்லை, அதை மறைப்பானேன்? முந்திய இரு நாளில் விலையைக் கேட்டுக் கூச்சப்பட்டு, வந்ததற்கு வேறு சாமான் வாங்கிப் போனவர் எத்தனை பேரோ! அந்த லாபத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஈரத் தானியத்தை அடியில் வைத்து விற்ற வியாபாரியின் வரலாற்றை மதரஸாவில் நாமெல்லாரும் ஓதியிருக்கிறோம். நபி (ஸல்) அவர்கள் குவியலுக்குள் கைவிட்டபோது விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மழை பெய்ததைப் பற்றி நபியவர்கள் விசாரிக்கவில்லை. நனைந்ததை ஜனங்கள் காணும்படி ஏன் மேலே வைக்கவில்லை என்றுதான் கேட்டார்கள். சிறுவயதில் அந்த வியாபாரியைப் பெரிய மோசக்காரனாக எண்ணியிருந்தேன். "யந்திரம் சேர்த்தது" என்று என் வாயால் சொன்ன பிறகே, அவர் சொன்னதும் நான் சொன்னதும் ஒன்றென்று விளங்கிற்று.

எங்கள் ஊரில் செம்பனைக்கு அருகே, செடெனாக் டெக் பார்க்கில், தரவு மையங்கள் எழும்பி நிற்கின்றன. அந்தச் சுவர்களைப் பார்த்துக் கோபித்து ஆவதென்ன? ஒருவருக்காகக் காரியம் பார்ப்பவரை அரபியில் வகீல் என்பர். நம் 'வக்கீல்' அதிலிருந்து வந்ததே. யந்திரத்தை வகீலாக வைத்தவன் நான். கடைப் பையன் விலையை மாற்றிக் கூவினால் பக்கத்தில் நிற்பவன் அதட்டலாம், பையனும் வெட்கப்படுவான். இதற்கு அந்த வெட்கமும் இல்லை.

சொல் ஒவ்வொன்றும் மெய், பொய் சொல்லும் நிய்யத்தும் இல்லை, பிறகென்ன குற்றம் என்று ஒரு நண்பர் கேட்டார். முதல் நாளுக்கு அந்த நியாயம் செல்லும். அன்றிரவு மருமகன் கணக்கைத் திறந்து காட்டினான். தலைப்புகளுக்கு யந்திரம் தரமிட்டிருந்தது. "12 வெள்ளி முதல்" என்பதற்கே முதல் தரம்! அதற்கு மெய்யும் பொய்யும் தெரியாது, விரல் பட்டதுதான் தெரியும். விரல் பட்டதோ விலையைத் தப்பாக நம்பியதால். நோன்பு முடியும்வரை அப்படியே விட்டால் சரக்கு பூராவும் போய்விடுமே என்று எனக்கும் தோன்றியது. பார்த்த பின்பும் விட்டிருந்தால் அது என் நிய்யத்தாகவே ஆகியிருக்கும். விலையைப் பற்றித் தப்பெண்ணம் உண்டாக்குவதையும், கொடுக்க எண்ணாத விலையைத் தூண்டிலாகப் போடுவதையும் இந்நாட்டின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் தடுக்கிறது.

பிறகு மாற்றி எழுதினோம். எந்தப் படத்தின் பக்கத்தில் வைத்தாலும் மெய்யாக நிற்கும் வாக்கியம்தான் வேண்டும். ஆகவே தினுசுக்கு ஒரு விளம்பரமாகப் பிரித்தோம். "அஜ்வா அரைக்கிலோ 45 வெள்ளி" என்று பெயரும் அளவும் விலையும் ஒரே தலைப்பில் வந்தன. விலையை விவரத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்றிருக்கக் கூடாது. சில இடங்களில் விவரம் தோன்றுவதே இல்லை. படத்தின் ஓரத்தில் எழுதினாலோ வெட்டுப்படலாம். 30 எழுத்து தமிழுக்குப் போதாது என்பதையும் சொல்லவேண்டும். 'பேரீச்சம்பழம்' நம் கண்ணுக்கு 8 எழுத்து. கணினி எழுதிவைக்கும் முறையில் 13 குறி. அதனால்தான் பெயரை விட்டு விலையை மட்டும் எழுதினானாம் மருமகன்.

விளம்பரத்தைத் தொடுவோர் குறைந்தனர். பெருநாளன்று அஜ்வா எட்டுப் பெட்டி மிஞ்சியிருந்தது. அந்த அம்மா அதற்கு இரண்டு நாள் முன்பு வந்து சாதாரணப் பழம் இரண்டு பெட்டி வாங்கினார். காசைக் கொடுக்குமுன் பெட்டியைத் திருப்பி, விலைச் சீட்டை இருமுறை பார்த்துக்கொண்டார்.