உழவாரமும் மண்வெட்டியும்

சிட்னிக்குத் தெற்கே, நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி எழுந்த ஹெலன்ஸ்பர்க் என்னும் சிற்றூரில், 1985ஆம் ஆண்டு கும்பாபிஷேகம் கண்ட வேங்கடேசுவரர் ஆலயத்தில், பிராகாரத்தைப் பெருக்கியும் மடைப்பள்ளியில் காய் நறுக்கியும் கைங்கரியம் செய்யும் அன்பர்களைக் காணும்போது, ஒரு பழைய வினா மனத்தில் எழுகிறது. தன்னை மறந்து உடலால் உழைப்பதே பரம தர்மமாயின், எல்லோரையும் ஒரே உடையில் நிறுத்தி, 'நான்' என்பதைத் துடைத்துவிடும் சேவை ஏன் தவமாகாது?

இதனை ஜெர்மனி ஒரு காலத்தில் சோதித்துப் பார்த்தது. 1935 ஜூன் 26ஆம் நாள் பிறந்த சட்டத்தால், வாலிபர்கள் ஆறு மாத காலம், கான்ஸ்டன்டின் ஹீர்ல் என்பவரின் தலைமையில், சதுப்பு நிலத்தை வடித்தும் சாலை போட்டும் உழைக்கக் கடமைப்பட்டனர். அதற்குக் கௌரவ சேவை என்று சட்டமே நாமகரணம் செய்தது. மண்ணின் நிறத்திலேயே அவர்களுக்குச் சீருடை உண்டு. ஆனால் வேடிக்கை என்னவென்றால், மண்ணில் இறங்கும்போது அதை அணிவதில்லை. சேறு படும் வேலைக்கு முரட்டுத் துணியில் தனி உடை. மண்ணிற உடையோ அணிவகுப்புக்கு. மண்வெட்டியும் அப்படியே: வேலைக்கு ஒன்று, பளபளவெனத் துலக்கி, துப்பாக்கியைச் சாத்துவது போலத் தோளில் சாத்திக்கொள்ள மற்றொன்று.

திருநாவுக்கரசர் கையிலும் ஒரு கருவி இருந்தது. கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கிய அந்த உழவாரத்தைப் பணிவின் சின்னமாகவே போற்றுகிறோம்; பல்லவ மன்னன் அமைச்சரை ஏவி அழைத்தபோது வர மறுத்தவரும் அவரே என்று சேக்கிழார் சொல்வதை அதனோடு சேர்த்து நினைப்பது குறைவு. ஈசன் திருவடியில் அகங்காரத்தை ஒப்புவித்தவரிடம், அரசனுக்கு ஒப்புவிக்க மிச்சம் ஒன்றும் இல்லை. சீருடையில் கரைந்த ஜெர்மானிய வாலிபனின் அகங்காரமோ அழியவில்லை. தேசம் என்ற பேரகங்காரத்தில் புகுந்து பன்மடங்காகப் பெருத்தது.

ஆயினும் பழியைத் துணியின்மேல் சுமத்துவது நியாயமன்று. 1940ல் பிரிட்டிஷ் அரசாங்கத்தால் நாடு கடத்தப்பட்டு, டுனேரா கப்பலில் சிட்னிக்கு வந்து, ஹே முகாமில் அடைபட்ட ஜெர்மானிய, ஆஸ்திரிய யூத அகதிகளுள் பலர், 1942ல் ஆஸ்திரேலியப் படையின் எட்டாவது வேலைப் பிரிவில் தாமே விரும்பிச் சேர்ந்து, அந்நாளில் தண்டவாளத்தின் அகலம் மாறிய ஆல்பரியிலும் டோகம்வாலிலும் ஒரு ரயிலின் சரக்கை மற்றொன்றுக்குச் சுமந்து மாற்றினார்கள். ஒரு சீருடைக்கு அஞ்சி ஓடியவர்களே வேறொன்றை மனமுவந்து உடுத்தார்கள். அது கர்ம யோகமா, முள்வேலிக்கு வெளியே வரும் உபாயமா என்று கேட்டால், இரண்டும் என்றே சொல்வேன். அதற்காக அந்த உழைப்பின் மதிப்பை நான் குறைத்து எண்ணவில்லை.