மகளிரும் மனத்திட்பமும்

மனம் எதனைப் பலகாலும் பற்றுகின்றதோ, அதனையே பின்னர்த் தன் இயல்பென மயங்கும். முதற்கண் விருந்தினன்போல வந்த பழக்கம், சில்லாண்டு கழிந்தபின் இல்லத்துக்கு உரியவன்போல அமர்ந்து, உரியாரையே ஏவல் கொள்ளும். அதனைப் புறம்போக்கும் திட்பம் மகளிர்க்கு உண்டோ, உண்டாயின் அஃது எவ்வாற்றான் வளரும் என்பது ஈண்டு ஆராயப்படும்.

மனத்திட்பம் ஆடவர்க்கே இயல்பென்றும், அச்சமும் மடமும் மகளிர்க்கு அணியாகலின் அவர்பால் அதனை எதிர்பார்த்தல் தகாதென்றும் சிலர் கூறுப. அது பொருந்தாது. ஆண் பெண் என்னும் வேறுபாடு உடம்பைப் பற்றியதன்றி உயிரைப் பற்றியதன்று. அறிவும் விழைவும் செயலும் எல்லா உயிர்க்கும் உள. ஆணவ மறைப்பும் பொது, திருவருளும் பொது. மென்மை உடம்பினது, அதனை உயிர்மேலேற்றி உரைத்தல், விளக்கின் தகழி சிறிதென்று சுடரையும் இகழ்வதனோடொக்கும்.

இனி, உயிரின் தன்மை யாதெனின், சார்ந்ததன் வண்ணமாதல். உயிர் சத்துமன்று, அசத்துமன்று. சதசத்தாம் என்பது சிவஞானபோதத்து ஏழாஞ் சூத்திரத்தாற் பெறப்படும். செம்மலரை அடுத்த படிகம் செம்மையாய்த் தோன்றினும், செம்மை படிகத்தின் குணமன்று. அவ்வாறே தீய பழக்கமும் உயிர்க்கு வந்தேறியதே. இதனை உணராது, "இஃது என் பிறவிக்குணம், இனி மாறாது" என்று கூறுவாள் ஒருத்தி தன்னை இகழ்வதோடு, சார்பைத் தானெனக் கொண்டு மயங்கவும் செய்கின்றாள்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனைத் தெளியலாம். நாற்று நடும் மகளிரும் சுமை தூக்கும் மகளிரும் வெற்றிலையோடு புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளுதல் பலவிடத்தும் காணப்படுவது. இந்திய நாட்டில் 2016-17 ஆம் ஆண்டில் நிகழ்ந்த புகையிலைக் கணக்கெடுப்பில், பதினைந்து அகவையும் அதற்கு மேலும் நிரம்பிய மகளிருள் புகைப்போர் நூற்றுக்கு 2 பேராக, புகையின்றி வாயிலிட்டுக் கொள்வோர் 12.8 பேராவர். சுவை ஒன்றே இதற்குக் காரணமன்று. புகையிலையிலுள்ள நிக்கோட்டின் என்னும் நஞ்சு பசியை அடக்கும். களைப்பையும் சிறிதுபோது மறப்பிக்கும். எல்லார்க்கும் படைத்துக் கடையில் எஞ்சியதை உண்பாள் ஒருத்தி, வெறுவயிற்றின் வருத்தம் தீர அதனை நாடினாள். நாளடைவில் அது அவளை நாடிற்று. புகையிலை நீக்கிப் பாக்கு மட்டும் மெல்லுதல் தீங்கின்று என்பாரும் உளர். பாக்கும் புற்றுநோய் விளைப்பதே என உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார் 2004 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சி நூலில் முடிவு கூறினர்.

அற்றேல், தீதென்று அறிந்த அளவிலே விட்டொழியலாமன்றோ எனின், அற்றன்று. பெருங்காயம் இருந்த கலத்தைக் கழுவிய பின்னும் மணம் நிற்பதுபோல, மலம் நீங்கிய வழியும் வாசனை தாக்கும் என்று ஆன்றோர் அறிவுறுத்தினர். புகையிலையை விட்டார்க்கு முதற்சில நாளில் வேட்கை மிகும். சில வாரங்களில் படிப்படியே தணியும். ஒவ்வொருமுறை எழும் வேட்கையும் சில நிமிட அளவினதே. அந்நிமிடங்களில் அதனோடு மல்லாடுதல் அதனையே நினைத்தலாய் முடியும். ஆகலின் மனத்துக்கு வேறொரு பற்றுக்கோடு வேண்டும். நீர் பருகுதலும், கைக்கு வேலை தருதலும், திருவைந்தெழுத்தை நிறுத்தி ஓதுதலும் அவ்வேளைக்குத் துணையாவன. ஒருகால் தவறினாலும் முன்னைய முயற்சி வீணாயிற்று என்று சோர்தல் கூடாது. பலமுறை விட்டு முயன்று வென்றாரே உலகில் மிகுதி. வாயில் வெண்படலமோ ஆறாத புண்ணோ தோன்றின், நாணத்தால் மறையாது மருத்துவரிடம் காட்டுதல் கடன். நோயை மறைப்பது நாணமாகாது; அச்சமேயாம்.

ஈண்டு ஓர் ஐயம் எழும். பொறுமையே பெண்டிர்க்குச் சிறந்த வலிமையாகலின், பசியையும் களைப்பையும் வாய்திறவாது தாங்குதலன்றோ மனத்திட்பம் எனின், பொறுமை வேறு, அஞ்சி அடங்குதல் வேறு என்க. ஒறுக்கும் ஆற்றலிருந்தும் அருளால் விடுவது பொறுமை. சொல்லின் யாது நேருமோ என்று விழுங்குவது அச்சம். விழுங்கிய துயர் புறத்தே போக வழியின்றித் தீய பழக்கத்தைத் துணையாக்கிக்கொள்ளும். ஆகலின், "எனக்கும் பசிக்கின்றது" என்று உரிய வேளையில் சொல்லுதலும் திட்பமே. இல்லத்தாரும், அவளுக்கு உறுதியை உபதேசிக்குமுன், அவளோடு ஒருங்கிருந்து உண்ணக் கடமைப்பட்டவராவர். சார்பினாற் பிறந்த தீமையைச் சார்பை மாற்றாது அவளொருத்தியே நீக்குக என்றல் நீதியன்று.

இதற்குத் திலகவதியார் சரிதமே தக்க சான்றாம். பெற்றோரை இழந்து, மணம் பேசிய கலிப்பகையாரையும் போரில் இழந்த அவர், உயிர்விடத் துணிந்தார். அத்துணிவை மாற்றியது தம்பியார் மருள்நீக்கியாரின் அழுகை. துயரத்தோடு போராடி அதனை வென்றாரல்லர். தம்பியைக் காக்கும் கடமையைப் பற்றி நின்றார், துயரின் பிடி தானே நெகிழ்ந்தது. பின்னர்த் திருவதிகையில் அலகிட்டும் மெழுகியும் மாலை தொடுத்தும் நாடோறும் செய்த சிறுபணிகளே அவர் உள்ளத்தை நிலைபெறுத்தின. சூலைநோயுற்ற தம்பியார் ஆளனுப்பி அழைத்தபோது, அவர் இருந்தவிடத்துக்குத் தாம் வாரேன் என மறுத்தார். அவரே வந்து அடிபணிந்தபோது திருநீறளித்து ஏற்றார். அன்புடையார்க்கு மறுத்தல் இயலாது என்பதும், மறுப்பார்க்கு அன்பில்லை என்பதும் இவ்வொரு செயலாற் பொய்யாயின.

ஆகவே, மனத்திட்பமாவது உணர்ச்சியைக் கல்லாக்குதல் அன்று. பற்றத் தகாததை விடுதற்குப் பற்றத் தக்கதை நாடோறும் பற்றுதலாம். அது மகளிர்க்கும் ஆடவர்க்கும் ஒன்றே. சிவஞானபோதம் தன் இறுதிச் சூத்திரத்தில் அடியார் கூட்டத்தை வற்புறுத்துவதும், தனித்து நிற்கும் உயிர் பண்டைச் சார்பிற்கே மீளும் என்பது கருதியே. ஒரு பெண் தீய பழக்கத்தினின்று மீள முயலும்போது, அவளைச் சூழ்ந்தார் இகழாது துணைநிற்பாராயின், அதுவும் அக்கூட்டத்தின்பாற்பட்ட சிவபுண்ணியமேயாம்.