தூண்டில் வளைவுக்கு அந்தப் பக்கம்

பெரியதாழைக் கரையில் கடல் அரிப்பைத் தடுக்கக் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு போட்டிருக்கிறார்கள். கரையோர மணல் நகர்ந்துகொண்டே இருப்பது. குறுக்கே கல் நின்றால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கரை கரையும். போன மாதம் அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தபோது மாமா கேட்டார்.

"ஏல, தூத்துக்குடியில கரண்டு காரு செய்ய ஆரம்பிச்சிட்டாங்கல்லா. வள்ளத்துக்கும் பேட்டரி மோட்டார் வந்துட்டா எண்ணெய்க் காசு மிச்சம். அந்த பேட்டரிக்கு உள்ள இருக்கத எங்கேருந்து எடுக்காங்க?"

2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் ஆலை திறந்ததிலிருந்து அவருக்கு இந்த ஆசை.

"ஒரு வகையில உப்பளம்தான் மாமா" என்றேன். சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் நிலத்தடி உவர்நீரை உறிஞ்சிப் பாத்திகளில் விட்டு, ஓராண்டுக்கும் மேல் வெயிலில் வற்றவிட்டு லித்தியம் எடுக்கிறார்கள். நம் உப்பளத்தில் ஆவியாகும் நீரைக் கடல் ஈடுகட்டிவிடும். அங்கே மழையே அரிது. வற்றினால் வற்றியதுதான். ஓரத்திலுள்ள நன்னீருக்கும், பூநாரைகள் இரைதேடும் குட்டைகளுக்கும் என்ன ஆகும் என்பதுதான் அந்தப் பகுதிப் பூர்வகுடிகளின் கவலை.

ஆஸ்திரேலியாவின் கிரீன்புஷஸில் பாறையை உடைத்து எடுக்கிறார்கள். அந்தக் கனிமத்தை ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்கிக் கந்தக அமிலத்தில் வேகவைக்க வேண்டும். பாலைவனத்து நீர் தப்புகிறது. ஆனால் கரியமில வாயு உவர்நீர் முறையைவிடச் சுமார் மூன்று மடங்கு. லித்தியத்தை மட்டும் பிரித்துக்கொண்டு உவர்நீரை நிலத்துக்கே திருப்பியனுப்பும் புது முறையும் வந்திருக்கிறது. அதற்கு மின்சாரம் வேண்டும், பெரும்பாலும் நன்னீரும் வேண்டும்.

எது குறைந்த தீங்கு? ஒரே எண்ணாகக் கூட்டிப் பதில் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன். புகை உலகம் முழுக்கப் பரவுகிறது. நீரிழப்போ ஒரே ஊரின் தலையில் விழுகிறது. கூட்டல் சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கூட்டுத்தொகைக்குள் அந்த ஊர் காணாமல் போய்விடுகிறது.

அதற்காக லித்தியமே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிலக்கரியும் டீசலும் தொடர்ந்தால் கடல்மட்டம் உயர்ந்து முதலில் அடி வாங்கும் கரைகளில் இதுவும் ஒன்று. சும்மா இருப்பதற்கும் பலி உண்டு.

மாமா கொஞ்ச நேரம் கடலையே பார்த்தார். "வளைவே போடாதன்னு எவன் சொல்லுவான்? நம்ம வீடு நிக்கணும்லா. ஆனா கல்ல எறக்குததுக்கு முன்னாடி அந்தப் பக்கத்து ஊர்க்காரன ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

முறைகளை ஒப்பிடும்போது நாம் தவறவிடும் கேள்வி அதுதான். இழப்பவருக்கு மாட்டேன் என்று சொல்லும் உரிமை இருந்ததா? 2023 பிப்ரவரியில் ஜம்முவின் ரியாசியில் 59 லட்சம் டன் லித்தியக் கனிமம் இருக்கலாம் என்று அறிவித்தபோது நாட்டோடு சேர்ந்து நானும் மகிழ்ந்தேன். அதன் மேலே யார் குடியிருக்கிறார்கள் என்று அன்று நான் கேட்கவில்லை.