சுமப்பவர் யார்?

அமெரிக்காவின் மயாமித் துறைமுகத்தில் உல்லாசக் கப்பலேற வருவோரைச் சுமைதூக்குவோர் வாயிலிலேயே எதிர்கொள்கின்றனர். அறை எண் பொறித்த சீட்டுடன் அவர்களிடம் ஒப்படைக்கப்படும் பெட்டிகள், ஊடுகதிர்ச் சோதனை கடந்து, பெரும்பாலும் மாலைக்குள் அறை வாயிலை அடைகின்றன. ஆயினும் சிலர் பெரும் பெட்டிகளையும் தாமே இழுத்துச் செல்வர். பிறர் முதுகில் நம் பாரத்தை ஏற்றலாமா என்னும் கூச்சம் அதற்குக் காரணமாகலாம். பெட்டி தொலையும் என்ற அச்சமோ, அன்பளிப்புக் காசை மிச்சப்படுத்தும் எண்ணமோகூட இருக்கலாம். நோக்கம் எதுவாயினும் விளைவைப் பார்ப்போம். அறைகள் பெரும்பாலும் நண்பகலுக்குப் பின்னரே திறக்கப்படும். அதுவரை பெட்டிகள் உணவுக்கூடத்து நடைவழியை அடைத்து நிற்கும். மின்தூக்கியில் சக்கர நாற்காலிக்கு இடமிராது. தம் சுமையைத் தாமே சுமப்பதாக எண்ணுபவர், அதை முன்பின் அறியாத பலர்மீது பகிர்ந்துவிடுகிறார்!

புனித பவுல் கலாத்தியர் மடலின் 6-ஆம் அதிகாரத்தில், பிறர் பாரத்தைத் தாங்கவும் பணிக்கிறார். அவரவர் சுமை அவரவர்க்கே என்றும் உரைக்கிறார். முரணன்று, கிரேக்க மூலத்தில் சொற்கள் வேறு. முன்னது ‘பாரோஸ்’, அழுத்தும் பளு. பின்னது ‘ஃபோர்தியோன்’, திருத்தூதர் பணிகள் நூலில் கப்பல் சரக்கைக் குறிப்பதும் இச்சொல்லே.

மருந்தும் கடவுச்சீட்டும் நம் கைப்பையில்தான் இருத்தல் வேண்டும்; அவற்றைப் பிறரிடம் ஒப்படைப்பது பொறுப்பின்மை. பெரும்பெட்டியை உரிய காசுடன் சுமைதூக்குபவரிடம் கொடுப்பதில் இழிவில்லை. அது அவர் பிழைப்பு. ஆனால் பத்துச் சோடிக் காலணிகளை அதில் திணித்தபின், அவர் முதுகைப் பற்றித் துறைமுகத்தில் நாம் கவலைப்படுவது சற்றுத் தாமதமே.