பெயின்டுக்கு அடியில்

பழைய வீட்டை விற்பதற்கு முன் எல்லோரும் செய்கிற முதல் வேலை பெயின்ட் அடிப்பது. அதில் தப்பில்லை. வருகிறவர் கண்ணுக்கு வீடு நன்றாகத் தெரியணும். ஆனால் அந்தப் பெயின்டுக்கு அடியில் 2015 டிசம்பர் வெள்ளம் விட்டுப்போன இடுப்பளவுக் கறை இருந்தால்? முடிச்சூரிலோ வேளச்சேரியிலோ வீடு விற்கிறவருக்கு இது கற்பனைக் கேள்வி இல்லை. வாங்க வந்தவர் வெளியூர்க்காரர். வில்லங்கச் சான்றில் அடமானம் தெரியும். தண்ணீர் வந்த கதை தெரியாது. "மழைக்குத் தண்ணி நிக்குமா சார்?" என்று அவர் கேட்டால் பொய் சொல்லக் கூடாது, சரி. அவர் கேட்கவே இல்லை என்றால்?

இந்தக் கேள்விக்கு ரெண்டாயிரம் வயசுக்கு மேல். கி.மு. 44இல் சிசரோ எழுதிய 'கடமைகள் பற்றி' நூலில் இப்படி ஒரு வீடு வருகிறது. உடம்புக்கு ஆகாத வீடு, படுக்கையறையில் பாம்பு, மரமெல்லாம் மோசம். விற்கிறவருக்கு மட்டுமே தெரியும். பாபிலோனின் டயோஜெனிஸ் சொல்கிறார்: யாரும் உன்னை வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லையே, சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு. அவருடைய மாணவர் ஆண்டிபேட்டர் மறுக்கிறார்: தெரிந்தே ஒருவரைத் தவறில் விழவிடுவது, வழி தவறியவனுக்கு வழிகாட்ட மறுப்பதைவிட மோசம். சிசரோ மாணவர் பக்கம்.

நம் சட்டமும் பெரும்பாலும் மாணவர் பக்கம்தான். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், பிரிவு 55: விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையைச் சொல்லியே ஆகணும். ஆனால் 'சாதாரண கவனம்' என்பதில் ஒரு சந்து இருக்கிறது. "பக்கத்து வீட்ல கேட்டிருந்தா தெரிஞ்சிருக்குமே" என்று வக்கீல் வாதாடலாம். அந்தச் சந்தில் புகுந்து தப்பிப்பது நியாயமா என்பதுதான் நம் கேள்வி.

டயோஜெனிஸைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. விற்கிறவர் பேராசைக்காரராக இருக்கணும் என்றில்லை. ஆஸ்பத்திரி செலவுக்காக, இருக்கிற ஒரே சொத்தை விற்கிறவராக இருக்கலாம். உண்மையைச் சொன்னால் விலை சில லட்சம் இறங்கும். அவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஆனால் சொல்லாததால் அந்த நஷ்டம் காணாமல் போய்விடாது. கை மாறுகிறது, அவ்வளவுதான். வாங்குகிறவரும் இருபது வருஷம் தவணை கட்டப் போகிற ஆள்தான். என் கஷ்டத்தைக் காட்டி உதவி கேட்கலாம். அவருக்குத் தெரியாமல் அவர் தலையில் இறக்கிவைப்பது உதவி ஆகாது.

இங்கேதான் புரோக்கர் வருகிறார். நல்ல புரோக்கர் ஆள் கொண்டுவருவார், ஏரியா ரேட் சொல்வார், பத்திர வேலையில் கூட நிற்பார். அதற்குத்தான் கமிஷன். ஆனால் "நீங்க ஒண்ணும் பேசாதீங்க சார், நான் பாத்துக்கறேன்" என்று அவர் சொல்லும்போது, நம் மௌனத்தையும் சேர்த்துக் குத்தகைக்கு எடுத்துக்கொள்கிறார். அது நமக்கும் வசதி. 'நான் பொய் சொல்லலையே' என்று தூங்கலாம். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் அந்தத் தூக்கத்தை அனுமதிப்பதில்லை: முகவர் நம் வேலையாகச் செய்த மோசடி, நாமே செய்த மாதிரிதான்.

அப்போ எல்லாவற்றையும் கொட்டிவிடணுமா? வேண்டாம். ஏன் விற்கிறேன், எவ்வளவு கடன், எத்தனை அவசரம் என்பதெல்லாம் விற்பவர் சொந்த விஷயம். எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான்: சாவியைக் கொடுத்த பிறகு அது என்னோடு கிளம்பிவிடுமா, அந்த வீட்டிலேயே தங்கிவிடுமா? கடன் என்னோடு வரும். தண்ணீர் வராது, அடுத்த டிசம்பரில் அந்த வீட்டைத்தான் தேடி வரும்.

சொல்வதற்கும் நேரம் உண்டு. அட்வான்ஸ் வாங்குவதற்கு முன் சொல்லணும். வாங்கின பிறகு சொன்னால், அது பாரத்தை இறக்குவது மட்டும்தான். சிலர் எழுந்து போய்விடுவார்கள். சிலர் தளத்தை உயர்த்த எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டு, விலையைக் குறைத்துக் கேட்பார்கள். அந்தப் பேரத்தில் ரெண்டு பேருக்கும் ஒரே வீடு தெரியும்.