கொம்பறையும் தவக்குலும்

2021 ஆகஸ்ட் கடைசியில், அரிசியும் சீனியும் பதுக்கப்படுகின்றன என்று இலங்கை அரசாங்கம் அவசரகால விதிகளைக் கொண்டுவந்தது. வீட்டில் கிடந்த நெல் மூடைகளைப் பார்த்தே கல்முனையில் சிலர் பயந்தார்கள். பள்ளிவாசலில் கேள்வி வேறு விதமாக எழுந்தது: நாளைக்கென்று சேர்த்து வைப்பதே, அல்லாஹ்வின் மேல் பொறுப்பை விடும் தவக்குலுக்கு மாறுதானே?

இல்லை என்பேன். நபியவர்கள் (ஸல்) தம் குடும்பத்துக்கு ஒரு வருட உணவை ஒதுக்கி வைத்ததாக ஹதீஸ் இருக்கிறது. நபி யூசுப் (அலை) விளைச்சலைக் கதிரோடு வைக்கச் சொன்னார்கள். அது ஏன் என்று வெள்ளாமைக்காரனுக்குச் சொல்லத் தேவையில்லை. வாப்பா பெரும்போக நெல்லைக் கொம்பறையில் கொட்டுவார். அரிசியாக்கினால் வண்டு விழும், உமியோடு கிடந்தால் அடுத்த போகம் வரை தாங்கும். உம்மா உலைவைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிச் சட்டியில் போடுவா. கேட்டு வருகிறவர்களுக்கு அந்தச் சட்டிதான்.

விலை ஏறட்டும் என்று கதவைப் பூட்டுவதுதான் பதுக்கல். அஷ்அரிக் கோத்திரத்தார் உணவு குறைந்தால், ஆளாளிடம் இருப்பதை ஒரே துணியில் கொட்டிச் சமமாக அளந்துகொள்வார்களாம். அவர்கள் தம்மைச் சேர்ந்தவர்கள் என்றார்கள் நபியவர்கள்.

நமக்கும் அந்தத் துணிபோல ஊருக்கு ஒரு பொது நெல் இருப்பு வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கடலோர வீடுகளோடு மூடைகளும் போயின. மேற்கே சம்மாந்துறைப் பக்கமிருந்து வந்த சோறுதான் பசியாற்றியது. அந்தப் பாதையும் எப்போதும் திறந்திருக்காது. 2024 நவம்பரில் அதே பாதையில், மாவடிப்பள்ளியில் மதரசாப் பிள்ளைகள் வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துப்போனதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. இரசாயன உரத்தடைக்குப் பின் விளைச்சல் விழுந்து, 2022இல் இந்த நாட்டுக்குத் தமிழ்நாடு 40,000 தொன் அரிசி தர முன்வந்ததையும் கண்டோம்.

ஸகாத் நெல்லையே இருப்பாக வைக்கலாமே என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. மழையில் விளைந்ததில் பத்தில் ஒன்று, இறைத்து விளைந்ததில் இருபதில் ஒன்று. அது ஏழையின் உடைமை, தாமதமின்றி அவன் கைக்குப் போகவேண்டும். இருப்பு நெல் அதற்கு மேலே, விரும்பிக் கொடுக்கும் ஸதக்காவாக வரட்டும்: ஏக்கருக்கு ஒரு மரைக்கால் போதும். கடற்கரையிலும் வேண்டாம், வெள்ளத்துக்கு அப்பாலும் வேண்டாம், பிரதான வீதியோரம் மேடான இடத்தில் வைப்போம். புது நெல் வருமுன் பழையதைக் குற்றி இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட்டு, கணக்கை ஜும்ஆவுக்குப் பின் வாசிக்கவேண்டும்.